ஆறு நாட்டு நியாயமும் ஒரு நீல அட்டையும்

பெரிய சட்டக் கேள்விகள் பெரிய மனிதர்களுக்குத்தான் வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு தப்பான எண்ணம் இருந்தது. சுஹைமி பின் அப்துல்லா அதைத் திருத்தி வைத்தான். பேரா மாநிலத்தில், கோலா செப்பெத்தாங் ஆற்றங்கரைக் கரி உலைகளில் சதுப்புநில மரக்கட்டை சுமக்கிறவன். அவனைச் சட்டையோடு பார்த்தவர்கள் எங்களில் குறைவு. ஆனால் இன்றைக்குச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் அவன் பெயரை எழுதாமல் பரீட்சையைத் தாண்டுவது கஷ்டம். 'சுஹைமி கோட்பாடு' என்றே ஒன்று புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆறு நாட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளை அவனுக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தார்கள். இவ்வளவு கௌரவம் கண்ட கட்டை சுமப்பவன் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கௌரவம் வந்த விதத்தை முறைப்படி சொல்லி வைப்பது நல்லது.

அவன் பிறந்த கதையிலிருந்து தொடங்க முடியாது. அது யாருக்கும் தெரியாது. கிடைத்த கதையிலிருந்து தொடங்கலாம். எங்கள் தைப்பிங் வட்டாரத்தில் மழை பெய்யாத நாளைத்தான் குறித்து வைக்க வேண்டும், அன்றைக்கும் பெய்துகொண்டிருந்தது. சூராவ் என்கிற எங்கள் சின்னத் தொழுகைக் கூடத்தில் விடியற்காலைத் தொழுகைக்குக் கதவு திறக்க வந்த லெமான், தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாயடியில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கண்டார். யாரோ தொழுகைக்காரர்களுக்குப் பலகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தார். உள்ளே சுஹைமி இருந்தான்.

பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்துக்கொண்டிருந்த கல்சோம் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. பதிவு செய்யப் போன இடத்தில் குமாஸ்தா, பெற்ற தாயைக் கூட்டி வந்தால் பதிந்துவிடலாம் என்றார். பெற்ற தாய் இருந்தால் நான் எதற்கு வரப்போகிறேன் என்று கல்சோம் கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கான பதிலை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். தகப்பன் பெயர் தெரியாத எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற 'அப்துல்லா'வை இவனுக்கும் போட்டு, குடியுரிமை என்ற இடத்தில் 'அல்லாதவர்' என்று எழுதினார்கள். எந்த நாட்டுக்கு அல்லாதவர் என்று எழுதவில்லை. ஆகவே எல்லா நாட்டுக்கும் அல்லாதவர் என்று வைத்துக்கொண்டோம்.

தாள் சரியில்லாததால் பள்ளியில் சேர்க்கவில்லை. கல்சோமோடு சிற்றுண்டிச்சாலையில் தட்டு கழுவினான். அவள் செத்த பிறகு கரி உலைக்கு வந்தான். அங்கே யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அட்டை இருக்கிறவன் அந்த வேலைக்கு வருவதுமில்லை.

அட்டை கேட்கிற ஆட்கள் அவ்வப்போது லாரியில் வருவார்கள். அப்போது பர்மாக்காரன், வங்காளதேசக்காரன், சுமத்ராக்காரன் எல்லோரும் சதுப்புக்குள் ஓடுவார்கள். இந்த ஊரிலேயே வளர்ந்த சுஹைமியும் அவர்களோடு ஓடுவான். எந்த வேருக்கிடையில் கால் மாட்டாது என்று தெரியும் என்பதால் அவன்தான் முன்னால் ஓடுவது. ஒரு தடவை வழுக்கி விழுந்து மாட்டிக்கொண்டான். தடுப்பு முகாமில் அவனை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று அதிகாரிகளுக்குள் கருத்து வேற்றுமை வந்தது. மூக்கைப் பார்த்து ஆச்சே என்றார் ஒருவர். நிறத்தைப் பார்த்துத் தென் தாய்லாந்து என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அவனைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது சுத்தமான பேரா மாநிலப் பேச்சு, எங்கே இவ்வளவு நன்றாகப் பழகினாய் என்று பாராட்டினார். அனுப்ப ஒரு நாடும் அகப்படாமல் கடைசியில் வெளியே விட்டார்கள். நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை சுஹைமி விஷயத்தில் முதன்முதலாகக் கையாளப்பட்டது அங்கேதான். பேராசிரியர்கள் பின்னால்தான் வந்தார்கள்.

அவனுக்கு அட்டை எதற்கு என்று கேட்கலாம். ஓடிப் பழகியவன், ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் ஹஸ்னா இருந்தாள். படகுத்துறைப் பக்கம் காய்ந்த இறால் பொட்டலம் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். கட்டை இறக்கி வருகிறவர்களில் தலையைக் குனிந்துகொண்டே காசு கொடுக்கிற ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பா பாக் சமத், காட்டிலாகாவில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தாத மரத்தையே ஆற்றைத் தாண்ட விடாத மனிதர். சுஹைமியை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, மிகவும் அன்பாகச் சொன்னார்:

"உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லப்பா. குடிக்க மாட்டே, சண்டைக்குப் போக மாட்டே. ஆனா கார்டு இல்லாம நிக்காஹ்வ எப்படிப் பதியறது? நாளைக்குப் பேரன் பொறந்தா அவனும் உன்கூடச் சேறுக்குள்ள ஓடுறதா? நீலக் கார்டு கொண்டா. அடுத்த வெள்ளிக்கிழமை நானே இமாமைக் கூட்டிட்டு வரேன்."

இவ்வளவுதான் அவன் வாழ்க்கையில் வேண்டியிருந்தது. குடிமகனுக்குக் கொடுக்கிற, உள்ளங்கை அளவுள்ள ஒரு நீல அட்டை.

முகாமில் இருந்தபோது அறிமுகமான ரிட்சுவான் என்ற வக்கீல் இலவசமாக வழக்கை எடுத்துக்கொண்டார். அரசமைப்புச் சட்டத்தில் இவனுக்காகவே எழுதியதுபோல் ஒரு வரி இருக்கிறது: எங்கேனும் கண்டெடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அந்த இடத்திலேயே பிறந்ததாகக் கருதப்படும். அதைக் காட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று ரிட்சுவான் நம்பினார். வக்கீலுக்கு வயது குறைவு.

முதல் நீதிமன்றத்தில் சூராவ் லெமான் சாட்சி சொன்னார். பல்லெல்லாம் போய், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நல்ல பிள்ளைக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. "அழவே இல்லைங்க துவான். பெட்டியத் திறந்தேன், என்னைப் பாத்துச் சிரிச்சுது," என்றார். சபை நெகிழ்ந்தது. ரிட்சுவான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசாங்க வக்கீல் மட்டும் துடைக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

ரிட்சுவான் பிலிப்பைன்ஸ் தீர்ப்பு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். நீதிபதிக்கு அது பிடிக்கவில்லை. நம் அரசமைப்பை அதன் நாலு சுவர்களுக்குள்ளேயே நின்று படிக்க வேண்டும், அடுத்த வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். பெட்டியில் கிடைத்தவனுக்கு நாலு சுவர் என்பது ஒரு முன்னேற்றம்தான் என்றாலும், சுஹைமிக்கு அது உறைக்கவில்லை. தோற்றுவிட்டோம் என்பதை ரிட்சுவானின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் டத்தின் மஹானி வந்தார். டத்தின் என்பது பட்டம்; தொழிலில் சட்டப் பேராசிரியர். ஆறு நாட்டு நீதிமன்றங்கள் அரசமைப்பை எப்படி எப்படிப் படிக்கின்றன என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். நம் நீதிமன்றத்தை எப்படியாவது அந்தச் சுவருக்கு மேல் தலை தூக்க வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய தவம். அதற்கு ஒரு நல்ல வழக்கு வேண்டியிருந்தது. அழகான, பரிதாபமான, பெட்டியில் கிடைத்த வழக்கு.

அவர் நல்லவர். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வழக்குச் செலவெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். வரும்போதெல்லாம் கூடை நிறைய டுரியான் பழம் கொண்டுவந்து உலைக்காரர்கள் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். சுஹைமிக்குப் பெருநாள் சட்டை எடுத்துக் கொடுத்தார். புகை நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கரி படிந்த அத்தனை பேருக்கும் உலக நியாயங்களை விளக்கினார். அமெரிக்காவில் ஒரு கட்சி நீதிபதிகள், அரசமைப்பை எழுதியவர்கள் எழுதும்போது மனதில் என்ன நினைத்தார்களோ அதைத்தான் தேடுவார்களாம். எழுதியவர்கள் செத்து இருநூறு வருஷம் ஆனது அவர்களுக்கு ஒரு தடையே இல்லை. கனடாவில் அரசமைப்பு ஒரு வளர்கிற மரமாம். ஜெர்மனியில் மனிதனின் கண்ணியத்தை முதலில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் தராசில் நிறுப்பார்களாம். இந்தியாவில் 'உயிர் வாழ்தல்' என்ற ஒரு சொல்லுக்குள் சாப்பாடு, காற்று, பிழைப்பு, தூக்கம் என்று ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டே போகிறார்களாம். தென்னாப்பிரிக்காவில் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். பிலிப்பைன்ஸிலோ, கண்டெடுத்த பிள்ளை நாட்டுப் பிள்ளைதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்களாம்.

பர்மாக்காரன் ஒருவன் கையைத் தூக்கினான். இந்த ஆறில் எந்த நாட்டிலாவது கட்டை சுமக்க ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டான். டத்தின் அதை ஒரு நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மேல்முறையீட்டு விசாரணைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் காரியம் நடந்தது. நீதிமன்ற உணவுக்கடையில் மீ நூடுல்ஸ் வாங்க வரிசையில் நின்றபோது, அரசாங்க வக்கீல் ரிட்சுவானுக்குப் பின்னால் வந்து நின்றார். குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். உங்கள் ஆள் வழக்கை வாபஸ் வாங்கட்டும், புதிதாக ஒரு மனுப் போடட்டும், தனிச் சலுகையில் அட்டை கொடுத்துவிடுவார்கள், நான் பேசியாயிற்று, பெருநாளுக்குள் கையில் இருக்கும் என்றார். பிறகு கூட ஒரு முட்டை போடச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டார். கண்டெடுத்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அரசாங்கத்துக்குப் பதில் வேண்டாம். சுஹைமி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டால் கேள்வியே இல்லாமல் போய்விடும்.

அன்று சாயங்காலமே ரிட்சுவான் கோலா செப்பெத்தாங் வந்தார். காரில் டத்தினும் இருந்தார். ஆற்றோரக் கோப்பிக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ரிட்சுவான் விஷயத்தைச் சொன்னார். சுஹைமியின் முகம் அப்படி விரிந்ததைத் தான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்று கடைக்காரர் இன்றும் சொல்வார்.

டத்தின் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"சுஹைமி, வாங்கணும்னா வாங்கிக்கப்பா. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அது பிச்சை. உனக்குச் சேர வேண்டியத உனக்கே தானமாப் போடறாங்க. உன்ன மாதிரிப் பெட்டியில, பஸ் ஸ்டாண்டுல, ஆஸ்பத்திரி வாசல்ல கிடைச்ச பிள்ளைங்க எத்தனையோ ஆயிரம். நீ ஜெயிச்சா அத்தனை பேருக்கும் கிடைக்கும். நீ வாங்கிட்டுப் போயிட்டா அவங்களுக்கு யார் இருக்கா? நீயே சொல்லு."

இதில் பொய் ஒரு வார்த்தை கூட இல்லை. அதுதான் அதன் கொடுமை.

சுஹைமி தன் மேல் கிடந்த பெருநாள் சட்டையைப் பார்த்தான். டுரியான்களை நினைத்திருக்கலாம். இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்த அம்மாளின் முகத்துக்கு நேரே எனக்கு அட்டை போதும் என்று சொல்வது எப்படி? எங்கள் ஆட்களுக்கு அது வராது. மறுக்க வேண்டிய இடத்தில் நாங்கள் என்ன சொல்வோமோ அதையே அவனும் சொன்னான்.

"உங்க இஷ்டம், டத்தின்."

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இப்படிச் சொன்னால் 'தயவுசெய்து வேண்டாம்' என்று அர்த்தம். கேட்கிறவர் உடனே, இல்லை இல்லை, உன் இஷ்டம்தான் முக்கியம் என்று சொல்லிப் பின்வாங்க வேண்டும். பிறகு இவன் இன்னொரு தடவை இழுத்தடித்து, மெல்ல உள்ளதைச் சொல்வான். இந்த முறை தலைமுறை தலைமுறையாக எங்களில் யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் டத்தின் லண்டனில் படித்தவர். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. அவர் கண் கலங்கி, "எனக்குத் தெரியும் நீ இப்படித்தான் சொல்லுவேன்னு," என்றார்.

ரிட்சுவான் அசல் பேரா மாநிலப் பையன். அவருக்குக் காதில் சரியாகவே விழுந்தது. வாயைத் திறந்தார். ஆனால் டத்தின் அவருடைய ஆசிரியர். வகுப்பில் அவர் முன் தலை நிமிராத மாணவன் இப்போது மட்டும் எப்படி, டத்தின், அவன் சொன்னதற்கு அர்த்தம் அது இல்லை என்று திருத்துவான்? கோப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கினார். வெகுநேரம் கலக்கினார். ஆறு நாட்டு நீதிபதிகளின் மனதில் உள்ளதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், அவரிடம் படித்த ஒருவரும், எதிரே உட்கார்ந்திருந்தவனின் மூன்று சொல்லைப் படிக்காமல் எழுந்து போனார்கள்.

ஹஸ்னா கேள்விப்பட்டதும் இறால் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"உங்க இஷ்டம்னு சொன்னியா? வாயில கட்டை வச்சு அடைச்சிருந்தியா? எங்கப்பாகிட்ட பொண்ணு கேக்க வந்தப்பவும் அதையேதான் சொன்னே. நான்தான் நடுவுல புகுந்து பேசினேன். இப்ப அங்கயும் நானே வரணுமா? வக்கீலுக்குப் போன் போடு."

போட்டான். அவள் பக்கத்திலேயே நின்றாள். ரிட்சுவான் முதல் மணியிலேயே எடுத்தார்; அவரும் காத்திருந்தார்போல. என்ன சுஹைமி, ஏதாவது சொல்லணுமா என்று ஆவலாகக் கேட்டார். ஒன்றுமில்லை துவான் என்று அவன் சொல்வதற்குள், டத்தின் மாணவர்களை இரண்டு பஸ் நிறைய விசாரணைக்குக் கூட்டி வருகிறார், வெளிநாட்டிலிருந்தும் மூன்று பேராசிரியர்கள் வருகிறார்கள் என்று ரிட்சுவானே தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார்.

சுஹைமி யோசித்தான். "சாப்பிட்டீங்களா, துவான்?" என்றான்.

சாப்பிட்டாயிற்று என்றார் அவர். நல்லது என்று இவன் போனை வைத்தான். ஹஸ்னா அவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

விசாரணை ஒரு திருவிழா. மூன்று நீதிபதிகளும் உற்சாகமாக இருந்தார்கள். இப்படி ஒரு வழக்கு தினமும் வருமா? வழக்கமாகக் குத்தகைத் தகராறும் கம்பெனிச் சண்டையும் கேட்டுச் சலித்தவர்கள். நடுவில் இருந்தவர் கனடா மரத்தின் வேரைப் பற்றிக் கேட்டார். வலது பக்கத்தவர் தென்னாப்பிரிக்காவை மேற்கோள் காட்டிவிட்டு, போன வருஷம் தான் அங்கே போனபோது பார்த்த மலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். சுஹைமி கடைசி வரிசையில், பெருநாள் சட்டையில், கழிவறைக்குப் போகலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மாலைவரை உட்கார்ந்திருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவன் என்ன, ஒரு நாடா?

தீர்ப்பு வந்தது. அதன் முதல் பாதியைப் படித்து டத்தின் நீதிமன்றத்திலேயே அழுதார். சுவர் இருப்பது உண்மைதான், ஆனால் சுவரில் ஜன்னலும் உண்டு என்றது நீதிமன்றம். மற்ற நாடுகளைப் பார்க்கலாம். கண்டெடுக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் சட்டத்தை விரித்துப் படிக்க வேண்டும். பெற்றவர்கள் யார் என்று பிள்ளை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை இல்லை என்றால் அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும். நாடு முழுக்கப் பெட்டியிலும் பஸ் ஸ்டாண்டிலும் கிடைத்த பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் பிறந்தநாள்.

இரண்டாவது பாதி மிகவும் சிறியது. பச்சிளம் குழந்தைக்குத்தான் இந்தச் சலுகை. இந்த மனுதாரரோ, அவருடைய சொந்தச் சாட்சியான லெமானின் வாக்குமூலப்படி, பெட்டியைத் திறந்ததும் ஆளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். பிறந்த சில நாளில் எந்தக் குழந்தையும் ஆள் பார்த்துச் சிரிப்பதில்லை. சில வாரமாவது ஆக வேண்டும். இதற்கு அரசாங்க வக்கீல் பல நாட்டு மருத்துவர்களின் கருத்துகளைக் காட்டினார். எந்த நாட்டுப் பச்சைக் குழந்தையும் சிரிப்பதில்லை. ஜெர்மனியக் குழந்தையும் சிரிப்பதில்லை, கனடாக் குழந்தையும் சிரிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உலகம் முழுவதும் ஒரே கருத்து. ஆகவே பெட்டியில் இருந்தவர் பச்சிளம் குழந்தை அல்ல. வேறெங்கோ பிறந்து வந்தவராகவும் இருக்கலாம். இவருடைய மனு மட்டும் தள்ளுபடி செய்யப்படுகிறது. இந்தக் கோட்பாடு இவர் பெயரால் வழங்கும்.

லெமான் மூன்று நாள் சாப்பிடவில்லை. சூராவ் வாசலில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார்: "அது சிரிக்கலப்பா. அழுதுது. தொண்டை கிழிய அழுதுது. கோர்ட்டுல போய் எப்படிப்பா சொல்லுவேன், பிள்ளை அழுமூஞ்சியா இருந்துச்சுன்னு? நல்லதாச் சொல்லுவோம்னு நெனச்சேன்." அதை நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல முடியுமா என்று ரிட்சுவானிடம் கேட்டார். பதிவு மூடியாயிற்று என்றார் ரிட்சுவான். சலுகையில் தருவதாகச் சொன்ன அட்டையைப் பற்றியும் விசாரித்தார்கள். வெளிநாட்டில் பிறந்திருக்கலாம் என்று நீதிமன்றமே சொன்னவனுக்குச் சலுகை எப்படிக் கொடுப்பது என்று அரசாங்க வக்கீல் திரும்பக் கேட்டார்.

இன்னும் ஒரு நீதிமன்றம் மேலே இருந்தது. அங்கே போகலாம் என்று ரிட்சுவான், முதல் தடவையாக, தானாகவே சொன்னார். டத்தின் கோலா செப்பெத்தாங்குக்கு மறுபடியும் வந்தார். இந்த முறை கூடையில் மங்குஸ்தான். மேலே போனால் அவர்கள் ஜன்னலையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள், கிடைத்ததும் போய்விடும், அத்தனை பிள்ளைகளின் கதி என்ன என்று சொல்லி சுஹைமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே வேதனைதான். கையில் கரி ஒட்டியதைக் கூட அவர் துடைக்கவில்லை.

சுஹைமி என்ன சொன்னான் என்று எழுதத் தேவையில்லை. மேலே போகவில்லை.

அதன் பிறகு டத்தின் அந்த ஆறு நாடுகளுக்கும் அழைக்கப்பட்டார். ஒவ்வொரு மேடையிலும் சுஹைமியின் படத்தைப் பெரிதாகக் காட்டினார். அவனையும் கூட்டிப் போக மனதார ஆசைப்பட்டார். கடவுச்சீட்டு இல்லாததால் முடியவில்லை.

ஹஸ்னா காத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாமல் போனபோதும் கொஞ்ச காலம் காத்திருந்தாள். பாக் சமத்துக்கு மூச்சிரைப்பு வந்தது. கண் மூடுவதற்குள் ஒரு நிக்காஹ் பார்க்க வேண்டும் என்றார். ஈப்போவிலிருந்து மீன் லாரி ஓட்டி வருகிற இல்யாஸ் என்ற பையனைப் பிடித்தார். அமைதியானவன், உழைப்பாளி, குடிக்க மாட்டான். ஆஸ்பத்திரி வாசலில் கண்டெடுக்கப்பட்டு அநாதை விடுதியில் வளர்ந்தவன். அவனும் பின் அப்துல்லாதான். சுஹைமி கோட்பாட்டின்படி முதல் வருஷத்திலேயே நீல அட்டை வாங்கிவிட்டான். "உன்ன மாதிரியே ஒரு பையன்தாம்பா," என்று பாக் சமத் சுஹைமியிடமே வந்து சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் ஹஸ்னா உலைக்கு வந்தாள். புகையில் நின்று, எல்லோர் எதிரிலும் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லு. நான் நிறுத்திடறேன். கார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம், உன்கூட நானும் சேறுல ஓடறேன். வாயத் திறந்து சொல்லு."

கட்டை அவன் தோளில் இருந்தது. இறக்கி வைக்கக் கூட இல்லை.

"நல்ல பையன்," என்றான். "லாரிய நிதானமா ஓட்டுவான்."

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

நிக்காஹ் வீட்டு விருந்துக்கு ஊரே சேர்ந்து சமைத்தது. சுஹைமி வராமல் இருப்பானா? வராவிட்டால் தப்பாக நினைப்பார்களே. விடிந்ததிலிருந்து பின்வாசலில் அண்டா கிண்டினான். மாப்பிள்ளை இல்யாஸ் வந்து இறங்கியதும் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டான். நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்த வாழ்க்கையே இல்லை அண்ணே என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு சாட்சிகளில் ஒருவராகச் சுஹைமி அண்ணன்தான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். பாக் சமத் இருமினார். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தை முறிக்க அவருக்கும் மனமில்லை.

சுஹைமி கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தான். திரைக்குப் பின்னால் ஹஸ்னாவின் தங்க ஜரிகை தெரிந்தது. இமாம் பதிவேட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து, சாட்சிகளின் அட்டையைக் கேட்டார்.

சுஹைமி பாயின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தான்.

"இவர் பேரச் சொல்லித்தான் இமாம் எனக்குக் கார்டே வந்துச்சு," என்றான் இல்யாஸ். "இந்த நாட்டுக்கே இவரத் தெரியும்."

"தெரியும் தம்பி, நானும் படிச்சிருக்கேன்," என்றார் இமாம், மரியாதையோடு. "பேர் இருக்கு. நம்பர்தான் வேணும்."

சோறு அடிபிடிக்கிற வாசனை வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி சுஹைமி எழுந்து போனான். அவன் இடத்தில் மீன் லாரியின் கிளீனரை உட்கார வைத்தார்கள். அன்று காலையில்தான் முதன்முதலாக ஊருக்கு வந்தவன். மணப்பெண்ணின் பெயரைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஆனால் அவனிடம் அட்டை இருந்தது.